கட்ஸுனுமா ஒயினரிகளுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். யமனாஷி மாகாணத்தில் கோஷு நகராட்சிக்குள் அடங்கிய சின்ன ஊர் கட்ஸுனுமா. ஜப்பானில் ஒயின் ஒரு தொழிலாக வேர்விட்டது இங்கேதான். 1877இல் ஊர்க்காரர்கள் பங்கு போட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தகானோ மசானாரி, ட்சுச்சியா ர்யூகென் என்ற இரண்டு இளைஞர்களைத் தொழில் கற்றுவர அதே ஆண்டு ஃபிரான்சுக்கு அனுப்பினார்கள். இன்று ஊருக்குள் மட்டும் சுமார் முப்பது ஒயினரிகள் இருக்கின்றன.

முப்பது என்றதும் ஒரே நாளில் ஆறு ஏழு பார்த்துவிடலாம் என்று பட்டியல் போடத் தோன்றும். மூன்றோடு நிறுத்துங்கள். ஓர் ஒயினரியில் ஆறு வகை, வகைக்கு 20 மில்லி என்று வைத்தாலே மூன்று இடத்தில் 360 மில்லி ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட அரை பாட்டில். அதற்கு மேல் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. நாலாவது இடத்தில் காசு கொடுத்து வாங்கும் பாட்டில் நல்லதா சுமாரா என்பது மறுநாள்தான் தெரியும்.

எந்த மாதம்

ஏப்ரல் முதல் பாதியில் ரயில் நிலையத்தை ஒட்டிய செர்ரி மரங்கள் பூக்கும். பக்கத்து ஃபுஎஃபுகி நகரத்தின் பீச் தோட்டங்களும் ஏறக்குறைய அதே நாட்களில் பூத்து மலையடிவாரம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். பூ பார்க்க அருமையான காலம். ஆனால் கொடியில் அப்போது துளிர்கூட சரியாக வந்திருக்காது.

ஜூலை, ஆகஸ்ட் பழ மாதங்கள். முதலில் பீச், பிறகு டெலவேர், கியோஹோ, ஷைன் மஸ்கட் என்று திராட்சை வகைகள் வரிசையாக வரும். தோட்டத்தில் நாமே பறித்துச் சாப்பிடும் ‘புடோகாரி’க்கு இதுதான் பருவம். சில தோட்டங்களில் எடைக்குக் காசு, சில இடங்களில் ஒரு தொகை கொடுத்தால் வயிறு கொள்ளும்வரை. எடைக்கு விற்கும் தோட்டத்தில் வெட்டிய குலையைத் திருப்பித் தர முடியாது, அதனால் கத்தரிக்கோலை எடுக்கும்முன் விலையைக் கேளுங்கள். வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். நாலாபுறமும் மலை சூழ்ந்த கோஃபு பள்ளத்தாக்கில் சூடு தேங்கி நிற்கும். 2013 ஆகஸ்ட் 10 அன்று கட்ஸுனுமாவில் 40.5 டிகிரி பதிவானது. சென்னை வெயில் பழகியவர்களும் நடுப்பகலில் மேட்டில் ஏறி நடக்கக் கூடாத வெயில் அது.

ஒயினுக்கான கோஷு திராட்சையின் அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை போகும். பழக்கூடைகள் வந்திறங்குவதையும் பிழியும் இயந்திரம் ஓடுவதையும் பார்க்கலாம். ஆனால் ஆலையில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. சிறு ஒயினரிகள் பல அந்த வாரங்களில் சுற்றிக்காட்டுவதை நிறுத்திவிடும். அக்டோபர் முதல் சனிக்கிழமை திராட்சைத் திருவிழா. அன்று இரவு மலைச்சரிவில், ஷின்டோ கோயில் முகப்பில் நிற்கும் தோரி வாயிலின் வடிவத்தில் நெருப்பு ஏற்றுவார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்றைக்குப் போங்கள்.

எங்கள் ஓட்டு நவம்பருக்கு. அந்த ஆண்டு அறுவடையின் புது ஒயின், வெள்ளையில் கோஷுவும் சிவப்பில் ‘மஸ்கட் பெய்லி ஏ’ என்ற வகையும், நவம்பர் 3 அன்று விற்பனைக்கு வரும். பந்தல் இலைகள் மஞ்சளாகும், பக்கத்து என்சான் பகுதி வீடுகளின் இறவாணத்தில் தோல் சீவிய பெர்சிமன் பழங்கள் காயும், ஆலைக்காரர்களுக்கும் நின்று பேச நேரம் இருக்கும். வார நாளில் போனால் இன்னும் நல்லது. ஆனால் செவ்வாய், புதனில் மூடும் இடங்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் நடக்கும் மூன்று தவறுகள்

இறங்க வேண்டிய நிலையம் கட்ஸுனுமா-புடோக்யோ. சூவோ பாதையில் ஓடும் ‘கைஜி’ விரைவு ரயிலில் போக வேண்டும். அடிப்படைக் கட்டணம் சுமார் 2,000 யென், விரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணம் சுமார் 1,600 யென்.

முதல் தவறு, ‘அசுசா’வில் ஏறுவது. அதே நடைமேடை, அதே மாதிரி வண்டி, ஆனால் அது இங்கே நிற்காமல் போய்விடும். எல்லா கைஜியும்கூட நிற்பதில்லை. நிற்காத கைஜியில் வந்தால் அடுத்த நிலையமான என்சானில் இறங்கி, உள்ளூர் ரயிலில் ஒரு நிலையம் திரும்பி வாருங்கள், அல்லது அங்கேயே டாக்ஸி எடுங்கள். என்சானில் டாக்ஸி கிடைப்பது கட்ஸுனுமாவைவிட எளிது.

இரண்டாவது தவறு, பெட்டி மாறி உட்காருவது. சில கைஜிகளோடு ஃபுஜி மலைப் பக்கம் போகும் ‘ஃபுஜி கைய்யூ’ ரயில் இணைந்து வரும். 1 முதல் 3 வரையிலான பெட்டிகள் ஒட்ஸுகியில் கழன்று கவாகுச்சிகோ ஏரிக்குப் போய்விடும். டிக்கெட்டில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட பெட்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, இருக்கை எண் இல்லாத டிக்கெட். அதை வைத்துக்கொண்டு காலி இருக்கையில் உட்காரலாம், ஆனால் தலைக்கு மேலே உள்ள விளக்கைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். சிவப்பு என்றால் அந்த இடம் இன்னும் யாருக்கும் விற்கவில்லை, உட்காரலாம். மஞ்சள் என்றால் சீக்கிரமே ஆள் வரப்போகிறார். பச்சை என்றால் விற்றாகிவிட்டது. சிவப்பைக் கண்டு ஒதுங்கி, பச்சையில் போய் உட்கார்ந்து எழுப்பப்படுபவர்கள் நிறைய. ரயிலுக்குள் டிக்கெட் வாங்கினால் கட்டணம் கூடுதல் என்பதால் நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கைஜி வேண்டாம் என்றால் டகாவோவில் உள்ளூர் ரயிலுக்கு மாறி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக வரலாம். முன்பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் சுய்க்கா பயண அட்டை செல்லும்.

கார் வேண்டாம்

ஜப்பானில் மூச்சுக்காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவருக்கும், ஊற்றிக் கொடுத்தவருக்கும், வண்டி கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அதனால்தான் ஒயினரிகளில் யார் ஓட்டுகிறார் என்று முதலில் கேட்பார்கள். ஓட்டுபவருக்கு ஒயினைக் கண்ணில்கூடக் காட்டாமல் திராட்சைச் சாறுதான் கொடுப்பார்கள். துப்பிவிடுகிறேன் என்ற பேச்சு எடுபடாது.

சைக்கிளும் இதில் அடக்கம். 2024 நவம்பரிலிருந்து அதே அளவு ஆல்கஹாலோடு சைக்கிள் ஓட்டுவதும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். வாடகைக்குக் கிடைக்கும் மின் சைக்கிள் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கத்தான், ருசி பார்க்கும் நாளுக்கு ஆகாது. மது அருந்தும் வயது 20, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது கால்களும் டாக்ஸியும். நிலையம் மேட்டில் இருக்கிறது, ஒயினரிகள் நெருக்கமாக இருக்கும் ஷிமோ-இவாசாக்கி பக்கம் மூன்று கிலோமீட்டர் கீழே. காலையில் இறக்கத்தில் நடந்து போய், மாலையில் டாக்ஸியில் ஏறி வருவதுதான் புத்திசாலித்தனம். திரும்பும் டாக்ஸியைக் கடைசி ஒயினரியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள், கேட்டால் மறுக்காமல் செய்வார்கள். ஆனால் வார இறுதியில் உடனே வராது, அரை மணி முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நகராட்சிப் பேருந்து உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, அதை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

முன்பதிவு

மூன்று இடங்களில் ஒன்றில் மட்டும் ஆலையைச் சுற்றிக்காட்டும் பயணத்தை முன்பதிவு செய்தால் போதும், மற்ற இரண்டில் ருசி மேடைக்கு மட்டும் போகலாம். பெரிய ஆலைகளில் இணையப் படிவம் இருக்கும். சிறியவற்றுக்குத் தொலைபேசிதான், உங்கள் விடுதி வரவேற்பாளரிடம் சொன்னால் பேசித் தருவார். எத்தனை பேர், யார் வண்டி ஓட்டுகிறார், எந்த மொழி ஆகிய மூன்றையும் முன்பே சொல்லுங்கள். விளக்கம் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வராமலே இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேர் நடத்தும் ஆலையில் உங்களுக்காக ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

அன்றைக்கு வாசனைத் திரவியம், நறுமணத் தைலம், மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் கோப்பையையும் சேர்த்துக் கெடுக்கும்.

நாள் எப்படி ஓட வேண்டும்

பத்து மணி வாக்கில் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்துக்கு அருகிலேயே பழைய ஒஹிகாகே ரயில் சுரங்கத்தின் வாய் இருக்கிறது. 1903இல் திறந்த செங்கல் சுரங்கம், நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர். நடைபாதையாக மாற்றி, சில ஆண்டுகள் மூடிவைத்து, 2024இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். தண்டவாளம் அப்படியே கிடக்கிறது, தரை ஈரம், கோடையிலும் உள்ளே குளிர். ஒரு மேல்சட்டையும் வழுக்காத காலணியும் வேண்டும். மறுமுனைக்கு அடுத்த சுரங்கத்தை ஒயின் பாட்டில்கள் அடுக்கும் நிலவறையாக்கிவிட்டார்கள். போக அரை மணி, வர அரை மணி. ரயில் பித்து இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

சுரங்கத்துக்குப் பதில் டைசென்ஜி கோயிலுக்குப் போவதென்றால் டாக்ஸி எடுங்கள். இதைத் திராட்சைக் கோயில் என்றே சொல்வார்கள். 718இல் க்யோகி என்ற துறவியின் கனவில் யாகுஷி புத்தர் கையில் திராட்சைக் குலையோடு தோன்றினார், அவர்தான் இங்கே திராட்சை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார் என்பது தல புராணம். 1286இல் கட்டிய பிரதான மண்டபம் தேசியப் பொக்கிஷம். மூலச் சிலையை எல்லா நாளும் திறந்து காட்டமாட்டார்கள். கோயிலே ஒயின் தயாரிக்கிறது என்பதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அங்கே அது இயல்பு.

பதினொன்றரைக்கு முதல் ஒயினரி. புதியவர்கள் ஷிமோ-இவாசாக்கியின் ஷாத்தோ மெர்சியனில் தொடங்குவது நல்லது. பழைய மர ஆலைக் கட்டடத்தில் அருங்காட்சியகம், தனியே ருசி மேடை. எதிரே பழைய ஒயின் முதலாளி ஒருவரின் வீடான மியாகோயென், அதுவும் இப்போது காட்சியகம். 1877 கதை முழுக்க அங்கே கிடைக்கும். நடக்கும் தூரத்தில் கட்ஸுனுமா ஜோசோ, குராம்போன், சோர்யூ ஆகியவை இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டைச் சேர்த்தால் பெரிய ஆலை, குடும்ப ஆலை இரண்டையும் பார்த்த மாதிரி ஆகும்.

நடக்கும் வழியெல்லாம் திராட்சைப் பந்தல். ஐரோப்பாவில் இருப்பதுபோல் வரிசை வேலி அல்ல. தலை உயரத்தில் கம்பி வலை கட்டி அதன்மேல் கொடியைப் பரப்பியிருப்பார்கள், உயரமானவர் குனிந்துதான் நுழைய முடியும். மழையும் ஈரமும் அதிகம் என்பதால் குலை தரையிலிருந்து விலகிக் காற்றாடத் தொங்க வேண்டும், அதற்குத்தான் பந்தல். ஒவ்வொரு குலைக்கும் மெழுகுத் தாளில் சின்னக் குடை மாட்டியிருப்பதைக் கவனியுங்கள். மழைத்துளி பழத்தில் பட்டால் பூஞ்சை பரவும் என்று ஒவ்வொன்றாகக் கையால் மாட்டியது அது. ஓரத்தில் நின்று படம் எடுங்கள், பந்தலுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். கீழே விழுந்த பழமானாலும் அது தோட்டக்காரருடையது.

மதியச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் பல சமையற்கட்டுகள் மூடிவிடும். இந்தப் பக்கத்துச் சாப்பாடு ஹோதோ: தட்டையான தடித்த நூடுல்ஸை, பறங்கிக்காயும் காய்கறிகளும் போட்டு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பில் கொதிக்கவிட்டு இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். தயாராக இருபது நிமிடம் ஆகும், ஆறுவதற்கும் நேரம் எடுக்கும். காய்கறி மட்டும் கண்ணில் படுகிறது என்று சைவர்கள் ஏமாந்துவிடக் கூடாது, குழம்பின் அடிப்படை பெரும்பாலும் மீன் சாறு. சைவர்கள் டோக்கியோவிலேயே கட்டுச்சோறு வாங்கி வருவதுதான் கவலையில்லாத வழி.

ருசி மேடையில்

காசு கொடுக்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் காசுக்கு வில்லை வாங்கி இயந்திரத்தில் போட வேண்டும், சில இடங்களில் கோப்பைக்குச் சில நூறு யென், சில இடங்களில் மூன்று நாலு வகை சேர்ந்த தட்டு. வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் சம அளவு தண்ணீர் குடியுங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்தினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

வரிசை முக்கியம். நுரை ஒயின், பிறகு தொட்டியில் மட்டும் தயாரான கோஷு, பிறகு ஈஸ்ட் வண்டலின் மேல் வைத்திருந்த ‘ஷூர் லீ’, பிறகு மரப்பீப்பாயில் இருந்தது, பிறகு தோலோடு ஊறவைத்த ஆரஞ்சு நிற கோஷு, அதன்பின் சிவப்பு, கடைசியாக இனிப்பு. இனிப்பு டெலவேரை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வரும் கோஷு எலுமிச்சைத் தண்ணீர்போல ஆகிவிடும். இனிப்பில்லாததைக் கேட்க ‘கராகுச்சி’, இனிப்புக்கு ‘அமாகுச்சி’.

கோஷுவிடம் அதிகம் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. தோல் இளஞ்சிவப்பு, ஒயின் வெளிர் மஞ்சள், வாசனை மெல்லியது, கடைசியில் நாக்கில் லேசான கசப்பு. அந்தக் கசப்பு தோலிலிருந்து வருவது, குறையல்ல. பழத்தில் இயல்பாகவே சர்க்கரை குறைவு, அதனால் அழுத்தமான ஒயினாக வராது. அதை ஈடுகட்டத்தான் ஷூர் லீ: நொதித்து முடிந்து அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலை வடிக்காமல், ஒயினை அதன் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். சாதா கோஷுவும் ஷூர் லீயும் ஒரே ஆலையில் அடுத்தடுத்து வாங்கிக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் வாய்க்குள் நிறையும் விதத்தில் தெரியும். பச்சை மீனோடு கோஷு பொருந்துவதற்கும் காரணம் உண்டு. ஒயினில் இரும்புச்சத்து கூடினால் கடலுணவோடு கவிச்சு வாசம் கிளம்பும் என்று மெர்சியன் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். கோஷு ஒயினில் இரும்பு பொதுவாகக் குறைவு.

சிவப்பில் மஸ்கட் பெய்லி ஏ. 1927இல் நீகாட்டாவில் கவாகாமி சென்பே ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய வகை. ஸ்ட்ராபெர்ரி மிட்டாய் வாசனை வரும். அந்த வாசனையை வைத்து இனிப்பு என்று முடிவுகட்டாதீர்கள், பெரும்பாலும் அதில் சர்க்கரை மிச்சம் இருக்காது.

நிலையத்திலிருந்தே தெரியும் குன்றின்மேல் நகராட்சி நடத்தும் புடோ-நோ-ஒகா என்ற ஒயின் மையம் இருக்கிறது. அதன் நிலவறையில் ஒரு தொகை கட்டினால் தட்டையான உலோகக் கிண்ணம் ஒன்று தருவார்கள், சுமார் 200 வகைகளில் வேண்டியதை நாமே ஊற்றிக்கொள்ளலாம். கிண்ணம் நமக்கே. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தட்டைக் கிண்ணத்தில் வாசனை நிற்காது, இருட்டில் நிறமும் தெரியாது, போட்ட காசை எடுக்கும் வேகத்தில் குடித்துவிட்டுப் படியேற முடியாமல் தவிப்பவர்கள் தினமும் உண்டு. போவதென்றால் கோஷு மட்டும், எட்டு ஆலைகளுடையது என்று முடிவுசெய்துகொண்டு இறங்குங்கள்.

அதே வளாகத்தில் மலையைப் பார்த்தபடி குளிக்கும் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. ஒயினுக்குப் பிறகு வெந்நீரில் இறங்கினால் இரத்த அழுத்தம் சட்டென விழும், மயங்கி விழுபவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். குளியல் முதலில், கிண்ணம் பிறகு.

பாட்டில் வாங்கும்போது

லேபிளில் ‘நிஹோன் ஒயின்’ என்று இருக்கிறதா பாருங்கள். 2018 அக்டோபர் 30 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஜப்பானில் விளைந்த திராட்சை மட்டுமே கொண்டு ஜப்பானில் தயாரித்ததற்குத்தான் அந்தப் பெயர். வெறுமனே உள்நாட்டில் தயாரித்தது என்று போட்டிருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த திராட்சைச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். ‘ஜிஐ யமனாஷி’ என்றிருந்தால் யமனாஷித் திராட்சை, அங்கேயே தயாரித்தது, ருசிச் சோதனையும் தாண்டியது. 2013இல் ஜப்பானில் ஒயினுக்கு முதலில் கிடைத்த புவிசார் குறியீடு அதுதான். 1.8 லிட்டர் பெரும் பாட்டிலைக் கண்டால் வியக்க வேண்டாம், ஊர்க்காரர்கள் தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் அன்றாட ஒயின் அது. நன்றாகவே இருக்கும், ஆனால் சுமக்க முடியாது.

சாதாரணப் பாட்டில் ஒன்று 1.2 கிலோவுக்கு மேல் கனக்கும். மூன்றுக்கு மேல் வாங்கினால் கூரியரில் டோக்கியோ விடுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். விடுதிப் பெயர், தங்கும் தேதி, பதிவு செய்த பெயர் மூன்றும் படிவத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவேற்பறையில் வாங்கமாட்டார்கள். கோடையில் குளிர்பதன கூரியர் கேளுங்கள், சூட்டில் கார்க் மேலே தள்ளி ஒயின் கசியும். விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போக முடியாது, சரக்குப் பெட்டியில் துணி சுற்றி நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு, மூன்றாவது கணக்கில் இடிக்கும்.